கான்சாஸை ஒரே கட்டத்தில் எழுதுவது எப்படி? சட்டக் கண்காணிப்பில் இருக்கிற வக்கீல்கள் உதவுங்கள்

வைகைக்கரை (2025 நவம்பர் 15)

அமெரிக்காவில் வக்கீல் தொழில் பார்க்கிற தமிழர்கள் இங்கே நாலைந்து பேராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன். நான் நியூ ஜெர்சியில் உரிமம் வாங்கியவன், ஆனால் கோர்ட் படியேறிப் பல வருடம் ஆகிறது, கம்பெனி ஒப்பந்தங்கள்தான் பிழைப்பு. வருடத்துக்கு 50 மணி நேரமாவது காசு வாங்காமல் சட்ட உதவி செய்யுங்கள் என்று அமெரிக்க வக்கீல் சங்கத்தின் மாதிரி விதி 6.1 சொல்கிறது. கட்டாயம் இல்லை, இருந்தாலும் உறுத்திக்கொண்டே இருந்தது. போன மாதம் ஒரு தன்னார்வக் குழுவில் சேர்ந்தேன். திருநங்கைகள், திருநம்பிகள் வாழ்க்கையைத் தொடுகிற மாநிலச் சட்டங்கள் எங்கே எப்படி மாறுகின்றன என்று பார்த்து, எல்லோரும் படிக்கிற மாதிரி ஓர் அட்டவணையில் ஏற்றுகிற வேலை. எனக்கு கான்சாஸும் டெக்சாஸும் வந்தன. கேட்டு வாங்கவில்லை, மிச்சம் இருந்தது அவைதான். (ஏன் மிச்சம் இருந்தன என்று இப்போது புரிகிறது.)

பிரச்சினை இதுதான். எக்செல் ஷீட்டில் "ஓட்டுநர் உரிமத்தில் பாலினக் குறியீட்டை மாற்ற முடியுமா" என்று ஒரு தலைப்பு. அதற்குக் கீழே மாநிலத்துக்கு ஒரே ஒரு கட்டம், அதற்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏதாவது ஒரு நிறம் அடிக்க வேண்டும். கான்சாஸுக்கு என்ன நிறம் அடிப்பது?

கதையைக் கேளுங்கள். 2023 ஏப்ரலில் கவர்னர் லாரா கெல்லியின் வீட்டோவைத் தாண்டி எஸ்.பி. 180 (எஸ்.பி. என்றால் செனட் மசோதா) என்ற சட்டம் நிறைவேறியது, ஜூலை 1 முதல் அமல். ஆண், பெண் என்பதற்குப் பிறப்பை வைத்து விளக்கம் சொல்கிற சட்டம் அது, ஓட்டுநர் உரிமத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவே இல்லை. அட்டர்னி ஜெனரல் கிரிஸ் கோபாக் "உரிமத்துக்கும் பொருந்தும்" என்று கருத்துரை எழுதினார். கவர்னருக்குக் கீழே இருக்கிற துறை "பொருந்தாது, நாங்கள் மாற்றிக்கொண்டுதான் இருப்போம்" என்றது. உடனே கோபாக் கோர்ட்டுக்குப் போனார், அதாவது மாநிலம் தன்மீதே வழக்குப் போட்ட மாதிரி. ஜூலையிலேயே ஷானி கவுண்டி நீதிபதி மாற்றங்களை நிறுத்திவைத்தார். 2025 ஜூனில் அப்பீல் கோர்ட் அந்தத் தடையை ரத்து செய்தது. கவனியுங்கள், ரத்தானது தடைதான், சட்டமும் அப்படியே இருக்கிறது, வழக்கும் முடியவில்லை.

இதைப் பச்சை என்று போட்டால் பொய். சிவப்பு என்று போட்டாலும் பொய். மஞ்சள் என்றால் படிக்கிறவருக்கு ஒன்றுமே சொன்னதாக ஆகாது. குழுவில் கேட்டால் "உங்கள் விருப்பம்" என்கிறார்கள். இன்னொன்று, கான்சாஸில் உரிமமே இல்லாத நான் கான்சாஸ் சட்டத்தைப் பற்றி எழுதலாமா? வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது? மூன்று மணி நேரம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள், போன வாரம் பதினொன்று போனது, வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை.


கொல்லம்பாசஞ்சர்

தம்பி, முதலில் அந்த நிறத்தைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். 2021-ல் ஆர்கன்சாஸ் முதல் ஆளாக ஒரு சட்டம் போட்டதே, 18 வயதுக்குக் கீழே இருக்கிறவர்களுக்குப் பாலின மாற்றத்துக்கான ஹார்மோன் சிகிச்சை தரக்கூடாது என்று, கவர்னர் ஹட்சின்சன் வீட்டோ போட்டும் சட்டசபை அதைத் தாண்டியது, அப்போதிருந்து நான் இந்த வேலையைப் பார்க்கிறேன். நாங்களும் நிறத்தில்தான் ஆரம்பித்தோம். ஒரு வருடத்துக்குள் அழித்துவிட்டோம்.

ஒரு கட்டத்தை நாலாக உடையுங்கள். சட்டப் புத்தகத்தில் என்ன இருக்கிறது, அது எந்தத் தேதியிலிருந்து அமல், கோர்ட்டில் எந்த நிலை (எந்த கோர்ட், எந்தத் தேதி), கவுன்ட்டரில் உண்மையில் என்ன செய்கிறார்கள். இந்த நாலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, ஒத்துப்போகாத இடத்தில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் கான்சாஸ் கதையே அதுதானே, சட்டம் ஒன்று சொல்ல, அட்டர்னி ஜெனரல் இன்னொன்று சொல்ல, துறை வேறு ஒன்று செய்ய, கோர்ட் நடுவில் வந்து நின்றது.

நான் பண்ணின தப்பையும் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். 2023 மே மாதம் நெப்ராஸ்காவில் எல்.பி. 574 நிறைவேறியது. சிறார் சிகிச்சைத் தடை என்று ஆரம்பித்த மசோதா, கடைசி நேரத்தில் 12 வாரத்துக்கு மேல் கருக்கலைப்புத் தடையையும் அதற்குள்ளேயே செருகிவிட்டார்கள். கருக்கலைப்புப் பகுதி உடனடி அமல், சிகிச்சைப் பகுதி அக்டோபர் 1. ஒரே சட்டம், இரண்டு தேதி. நான் அவசரத்தில் ஒரே தேதி போட்டேன். அது போதாதென்று "18 வயதுக்குக் கீழே" என்று வேறு எழுதினேன், மற்ற மாநிலங்களில் எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. நெப்ராஸ்காவில் 19. பதினெட்டரை வயதுப் பிள்ளை ஒன்று மெயில் போட்டது, "அப்போ எனக்கு இது பொருந்தாதா?" என்று. அந்த மெயிலை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

உங்களிடம் டெக்சாஸும் இருக்கிறது, பாவம். எஸ்.பி. 8-ஐப் பார்த்துவிட்டீர்களா? அரசுக் கட்டிடம், பள்ளி, பல்கலைக்கழகம், சிறை இவற்றில் கழிப்பறையைப் பிறப்பின்போது பதிந்த பாலினப்படிதான் பயன்படுத்த வேண்டும் என்கிற சட்டம், டிசம்பர் 4 அமல். அதில் அபராதம் முதல் முறைக்கு 25,000 டாலர், அப்புறம் 1,25,000 டாலர். ஆனால் முதலில் வந்த மசோதாவில் 5,000-மும் 25,000-மும்தான் இருந்தது, கீழவையில் திருத்தம் போட்டு ஏற்றினார்கள். பழைய வாசகத்தை வைத்து எழுதின பக்கங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 25,000 என்ற எண் இரண்டிலும் வருவதால் படிக்கிறவருக்குச் சந்தேகமே வராது. இன்னொன்று, அந்த அபராதம் நிறுவனத்துக்கு, உள்ளே போகிற ஆளுக்கு இல்லை. இந்த ஒரு வரியைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

அதோடு, டெக்சாஸ் சட்டசபை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஒற்றைப்படை வருடத்தில் 140 நாள்தான் கூடும் என்று நம்பி ஜூன் மாதம் லேப்டாப்பை மூடிவைத்தவர்கள் உண்டு. எஸ்.பி. 8 வந்தது கவர்னர் கூட்டின இரண்டாவது சிறப்புக் கூட்டத்தில். சிறப்புக் கூட்டம் 30 நாள்தான், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஜனவரியிலிருந்து மே வரை வாரம் மூன்று மணி நேரம் என்பது யாரோ சொன்ன கதை. மற்ற மாதங்களில் சரியாக இருக்கும்.


சும்மாபோறவன்

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், புரியாமல்தான் கேட்கிறேன். நான் மென்பொருள் ஆள். லெஜிஸ்கேன் மாதிரி தளங்களில் ஐம்பது மாநில மசோதாவும் வருகிறது, ஒரு வார்த்தையைக் கொடுத்து அலர்ட் வைத்தால் மெயில் வந்துவிடும். அதை ஒரு ஸ்கிரிப்ட் வைத்து அட்டவணையில் கொட்டினால் முடிந்தது. இதற்கு எதற்கு மணிக்கு நூற்றுக்கணக்கில் வாங்குகிற வக்கீல்கள் ராத்திரி உட்கார்ந்து எக்செல் நிரப்ப வேண்டும்?


மூணாம்வருஷம்

அண்ணா, நானும் அப்படித்தான் நினைத்தேன் :) சட்டக் கல்லூரி மூன்றாம் வருடம், போன செமஸ்டர் முழுக்க இந்த அலர்ட் வேலைதான் எனக்கு. எந்த வார்த்தையைக் கொடுப்பீர்கள்? "டிரான்ஸ்ஜெண்டர்" என்றா? பாதிக்கு மேல் மசோதாக்களில் அந்த வார்த்தை இருக்காது. டென்னசியின் எஸ்.பி. 1, சிறார் சிகிச்சையைத் தடை செய்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன சட்டம், அது தடை செய்வதை விவரிக்கிற இடத்தில் சிறாரின் பாலினத்துக்கு முரணான, அவர்களாகச் சொல்லிக்கொள்கிற அடையாளம் என்கிற மாதிரி சுற்றிவளைத்துப் போகிறது. சரி, "பாலினம்" என்று கொடுத்தால்? மாட்டு வளர்ப்பு மசோதாவெல்லாம் வரும். உண்மையாகவே வந்தது, ஒருநாள் காலையில் 212 மெயில், அதில் எனக்கு வேண்டியது நாலு.

அதைவிடப் பெரிய சிக்கல், வார்த்தை சேர்ப்பதில் மட்டும் இல்லை, எடுப்பதிலும் சட்டம் மாறும். ஐயோவாவில் 2025 பிப்ரவரி 28-ல் கவர்னர் கிம் ரெனால்ட்ஸ் கையெழுத்துப் போட்ட எஸ்.எஃப். 418-ஐத் திறந்து பாருங்கள். 2007-லிருந்து மாநிலக் குடிமை உரிமைச் சட்டத்தில் இருந்த "பாலின அடையாளம்" என்ற இரண்டு சொற்கள்மேல் பக்கம் பக்கமாகக் குறுக்குக் கோடு. வேலை, வாடகை வீடு, கடன், கல்வி என்று ஒவ்வொரு பிரிவிலும் அந்த இரண்டு சொல்லும் அடிக்கப்பட்டிருக்கும். ஜூலை 1 முதல் அமல். ஒரு மாநிலம் இப்படி ஏற்கெனவே கொடுத்த பாதுகாப்பைப் பட்டியலிலிருந்து எடுத்தது அதுதான் முதல் தடவை. பிடிஎஃப்-ஐ எழுத்தாக மாற்றுகிறபோது அந்தக் குறுக்குக் கோடு காணாமல் போய்விடும். கோடு போய்விட்டால் ஸ்கிரிப்ட் என்ன படிக்கும்? "பாலின அடையாளத்துக்குப் பாதுகாப்பு உண்டு" என்று படிக்கும். நேர் எதிர்.


சும்மாபோறவன்

அட. சரி, வாயை மூடிக்கொள்கிறேன். குறுக்குக் கோடு விஷயம் மட்டும் சரி பண்ண முடியும் என்று தோன்றுகிறது, தனிச்செய்தி அனுப்புகிறேன்.


ஊர்க்குருவி

நான் வக்கீல் இல்லை. நீங்களெல்லாம் எழுதுகிறதைப் படிக்கிற ஆள். திருநங்கை, இந்த நாட்டுக்கு வந்து பதினாறு வருடம், மூன்று மாநிலம் மாறியாயிற்று, ஒவ்வொரு தடவை வேலை மாறும்போதும் வாடகை எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால் இந்த மாதிரி அட்டவணையைத்தான் திறப்பேன். அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

எந்த மாநிலம், எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டாம். நல்ல பெயருள்ள ஒரு பக்கத்தில் "நீதிமன்ற உத்தரவு இருந்தால் போதும்" என்று பச்சையில் போட்டிருந்தது. உத்தரவு என் கையில் இருந்தது, முத்திரை வைத்த அசல். ஒருநாள் லீவு போட்டுவிட்டு இரண்டரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா உத்தரவைப் புரட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார், பதினைந்து நிமிடம் கழித்து வந்தார், மேலே கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு "இப்போது இதை வாங்குவதில்லை" என்றார். எப்போதிலிருந்து என்றேன். "போன மாதத்திலிருந்து." சட்டம் எதுவும் மாறவில்லை, ஓர் உள்சுற்றறிக்கை, அவ்வளவுதான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறந்தேன், எந்தத் தேதியில் சரிபார்த்தார்கள் என்று மேலிருந்து கீழ் வரை தேடினேன். தேதியே இல்லை.

டெக்சாஸ் பார்க்கிறவர் என்பதால் உங்களுக்குத் தெரிந்திருக்கும், 2024 ஆகஸ்டில் அங்கே பொதுப் பாதுகாப்புத் துறை இதே மாதிரிதான் செய்தது. சட்டசபை கூடவும் இல்லை, மசோதாவும் இல்லை. உத்தரவோ திருத்திய பிறப்புச் சான்றிதழோ கொண்டுவந்தாலும் உரிமத்தில் பாலினத்தை மாற்றாதீர்கள் என்று ஊழியர்களுக்கு உள்ளேயே சொல்லிவிட்டார்கள், அதோடு கேட்டு வருகிறவர்களின் விவரத்தை ஒரு குறிப்பிட்ட மெயில் முகவரிக்கு அனுப்பச் சொன்னதும் செய்திகளில் வந்தது. அந்தக் கடைசி விஷயம் உங்கள் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் வரும்? "முடியாது" என்று சிவப்பு அடித்தால், சரி, முடியாதாம் என்று விட்டுவிடலாம். கேட்டுப் பார்க்கப் போனாலே பெயர் எழுதிக்கொள்வார்கள் என்பது வேறு சங்கதி, அது எனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

கெட்ட சேதி மட்டும் ஏற்றாதீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பெயர் மாற்றினால் பத்திரிகையில் விளம்பரம் கொடு என்ற பழைய விதி எத்தனை பேரைக் காட்டிக்கொடுத்திருக்கிறது தெரியுமா? பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுப்பது. நியூயார்க் 2021-ல் கொண்டுவந்த சட்டத்தில் அதை எடுத்தது, இல்லினாய் 2025 மார்ச் 1 முதல் எடுத்தது. இதெல்லாம் பெரிய செய்தியாக வராது. நான் ஓர் அட்டவணையின் கடைசிப் பத்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், என் தோழிக்கு முந்நூறு டாலருக்கு மேல் மிச்சம், மானம் மிச்சமானது கணக்கில் வராது.


வைகைக்கரை

ஊர்க்குருவி, ரொம்ப நன்றி. "கேட்டாலே என்ன ஆகும்" என்று தனிக் கட்டம் போடுகிறேன், இதுவரை யாரும் யோசிக்கவில்லை. சரிபார்த்த தேதியையும் முதல் கட்டமாக, மாநிலத்தின் பெயருக்கு முன்னாலேயே வைக்கிறேன்.

கொல்லம்பாசஞ்சர் அக்கா, இரண்டு சந்தேகம். உரிமம் இல்லாத மாநிலத்தைப் பற்றி எழுதலாமா என்று கேட்டிருந்தேன். அப்புறம், டென்னசி சட்டம் பற்றி உச்ச நீதிமன்றம் ஜூன் 18-ல் கொடுத்த ஸ்க்ர்மெட்டி தீர்ப்புக்குப் பிறகு சிறார் சிகிச்சைத் தடை எல்லாம் செல்லும் என்று ஆகிவிட்டதே, அந்தப் பத்தியில் வழக்கு நிலவரம் என்று இன்னும் எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று குழுவில் ஒருவர் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.


கொல்லம்பாசஞ்சர்

உரிமம் பற்றி: "கான்சாஸ் சட்டம் இப்படிச் சொல்கிறது" என்பது தகவல், யார் வேண்டுமானாலும் எழுதலாம், பத்திரிகைக்காரர் எழுதவில்லையா. "உங்கள் நிலைமையில் நீங்கள் இதைச் செய்யுங்கள்" என்பது ஆலோசனை, அதற்கு அந்த மாநில உரிமம் வேண்டும். எழுதும்போது கோடு தெளிவாகத்தான் இருக்கும், மெயில் வரும்போதுதான் மங்கும். அழுதுகொண்டு ஓர் அம்மா எழுதுவார், உங்களுக்குப் பதிலும் தெரியும், விரல் தானாக டைப் அடிக்கும். அந்த நேரத்தில் அந்த மாநிலத்து வக்கீல் ஒருவரின் பெயர் கையில் இருக்க வேண்டும். இப்போதே தேடி வைத்துக்கொள்ளுங்கள். லாம்ப்டா லீகல், டிரான்ஸ்ஜெண்டர் லா சென்டர் மாதிரி அமைப்புகளுக்கு உதவி கேட்டு எழுதலாம், ஆனால் நாளைக்கே பதில் வரும் என்று அந்த அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

ஸ்க்ர்மெட்டி பற்றி அவர் சொன்னது பாதி சரி. 6-3 என்று டென்னசி சட்டம் நின்றது, தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். ஆனால் கோர்ட் பார்த்தது ஒரே ஒரு கேள்வியை: அமெரிக்க அரசியலமைப்பின் சம பாதுகாப்புப் பிரிவை இது மீறுகிறதா? மாநிலங்களுக்குத் தனியாக அரசியலமைப்பு இருக்கிறது, அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மொன்டானா உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அந்த மாநிலத் தடையை நிறுத்திவைத்த உத்தரவை உறுதி செய்தது, அடிப்படை மாநில அரசியலமைப்பில் இருக்கிற அந்தரங்க உரிமை. அதை ஸ்க்ர்மெட்டி தொடவே இல்லை. அதனால் வழக்குப் பத்தியை எடுக்காதீர்கள், "எந்த அரசியலமைப்பு" என்று ஒரு வார்த்தை சேருங்கள்.

அதே மாதிரி "தடையாணை இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் போதாது, யாருக்கு என்று எழுதுங்கள். ஜூன் 27-ல் 'காசா' (CASA) என்ற அமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்குமான தடையாணைகளுக்குக் கடிவாளம் போட்டபிறகு, வழக்குப் போட்டவருக்கு மட்டுமா, மொத்த வகுப்புக்குமா (அதாவது அவரைப் போன்ற எல்லோருக்கும் சேர்த்தா) என்று பார்க்காமல் எழுதுவது ஆபத்து. படிக்கிறவர் தனக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொள்வார்.

பாஸ்போர்ட்டை உள்ளே கொண்டுவராதீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட்டில் பிறப்புப் பாலினம்தான் என்ற மத்திய அரசின் விதியை அமல்படுத்த விட்டு உச்ச நீதிமன்றம் நவம்பர் 6-ல் போட்ட உத்தரவுக்கப்புறம் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள், ஆனால் அது மத்திய அரசு சமாசாரம், உங்கள் ஷீட் மாநிலத்துக்கு. ஒரு சுட்டி கொடுத்துவிட்டு நகருங்கள்.


மூணாம்வருஷம்

அக்கா சொன்னதோடு ஒன்று. ஒவ்வொரு தடவை சரிபார்க்கும்போதும் அந்த நாளில் இருந்த அரசுப் பக்கத்தைப் பிடிஎஃப் எடுத்து வையுங்கள். துறைகள் சத்தமில்லாமல் தங்கள் பக்கத்தை மாற்றிவிடும். நேற்று வரை அங்கே படிவம் இருந்தது என்று நிரூபிக்க உங்கள் பிடிஎஃப் மட்டும்தான் மிஞ்சும், பின்னாடி வழக்குப் போடுகிற வக்கீல்கள் அதைத்தான் கேட்டு வருவார்கள்.


வைகைக்கரை (நவம்பர் 17)

ராத்திரி உட்கார்ந்து கான்சாஸைத் திருப்பி எழுதினேன். பாருங்கள்:

"சரிபார்த்தது: 2025 நவம்பர் 16. சட்டம்: எஸ்.பி. 180, 2023 ஜூலை 1 முதல் அமல், உரிமத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. வழக்கு: மாற்றங்களை நிறுத்திவைத்த கீழ்க்கோர்ட் தடையை அப்பீல் கோர்ட் 2025 ஜூனில் ரத்து செய்தது, சட்டம் செல்லுமா என்பது அந்தத் தீர்ப்பால் முடிவாகவில்லை. கவுன்ட்டர்: தற்போது நிலைமை அலுவலகத்துக்கு அலுவலகம் மாறலாம், போகும் முன் அந்த ஊர் வக்கீலிடம் கேட்கவும். கேட்டால் என்ன ஆகும்: தகவல் திரட்டுகிறோம்."

நிறம் எடுத்துவிட்டேன். ஒருங்கிணைப்பாளர் கோபமாக இருக்கிறார், வரைபடம் அசிங்கமாக இருக்கிறதாம்.


கொல்லம்பாசஞ்சர்

நன்றாக இருக்கிறது. "தற்போது" என்ற வார்த்தையை மட்டும் எடுங்கள். அடுத்த மார்ச்சில் படிக்கிறவருக்கும் அது "தற்போது"தான். நீங்களே போன் போட்டுக் கேட்டிருந்தால் கேட்ட தேதியைப் போடுங்கள், கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று எழுதுங்கள்.


வைகைக்கரை

கேட்கவில்லை. நாளை மதியம் சாப்பாட்டு நேரத்தில் போடுகிறேன்.


ஊர்க்குருவி

அங்கே மத்திய நேரம், உங்கள் பன்னிரண்டு அவர்களுக்குப் பதினொன்று. சீக்கிரம் போடுங்கள், அப்புறம் அவர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். போனில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், யாருக்காகக் கேட்கிறீர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.